தேரில் ஏறிய எண்கள்

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட கும்பகோணத்தில், சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரத்தைக் கடந்து உள்ளே செல்லும் பயணி, பெருமாளைக் காண்பதற்கு முன் கருவறையின் புறச்சுவரைச் சற்று நேரம் பார்ப்பது பயனுடையது. அந்தக் கருவறை தேர் வடிவில் எழுப்பப்பட்டது. இரு பக்கமும் கல்லில் செதுக்கிய சக்கரங்களும், அவற்றை இழுத்துச் செல்லும் பாவனையில் குதிரைகளும் யானைகளும் உள்ளன. சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் தை முதல் ஆனி வரையிலான மாதங்களுக்கு உத்தராயண வாசல் என்றும், தெற்கு நோக்கிச் செல்லும் ஆடி முதல் மார்கழி வரையிலான மாதங்களுக்குத் தட்சிணாயன வாசல் என்றும் இரண்டு வாசல்கள் அமைந்திருப்பதால், ஆண்டின் கணக்கும் இந்தக் கல்தேரின் கட்டுமானத்திற்குள் வந்துவிடுகிறது. இங்கே பள்ளிகொண்டுள்ள ஆராவமுதனுக்கு 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் மற்றொரு தேரைச் செய்து வைத்திருக்கிறார். திருவெழுகூற்றிருக்கை எனப்படும் அந்தத் தேர் முழுவதும் எண்ணுப்பெயர்களால் ஆனது. கணக்கும் கவிதையும் ஓவியமும் ஒன்றாகும் ஒரு கலையைக் காவிரிப் படுகையில் ஊர் ஊராகத் தேடிச் செல்பவர்களுக்கு இந்த இடமே பொருத்தமான தொடக்கம்.

தமிழ் மரபு கவிஞரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தும். கொடுத்த பொருளில் உடனே பாடுவது ஆசு; சொல்லினிமையும் பொருளினிமையும் மிகப் பாடுவது மதுரம்; விரிவான நூல்களைப் பாடுவது வித்தாரம். இவற்றுள் சித்திரகவி என்பது, எழுத்துகளும் சொற்களும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நிற்குமாறு பாடப்பட்டு, தாமரை, பாம்பு, சக்கரம், தேர் போன்ற உருவங்களுக்குள் அடைத்து எழுதக்கூடிய செய்யுள் ஆகும். உருவத்திற்குள் செய்யுள் கட்டப்பட்டு நிற்பதால் இவ்வகைக்குப் பந்தம் என்ற பெயரும் உண்டு. தேர் உருவில் அமைவது இரதபந்தம். எழுகூற்றிருக்கை இந்த இரதபந்தத்தின் மிகப் பழைய வகை. ஏழு அறைகளை வகுத்துக்கொண்டு சிறுவர்கள் அவற்றுள் புகுந்தும் திரும்பி வந்தும் ஆடும் விளையாட்டைப் போல, ஒன்று முதல் ஏழு வரையிலான எண்களின் மீது செய்யுள் ஏறியும் இறங்கியும் செல்வது இதன் இலக்கணம் எனப் பழைய யாப்பு உரை விளக்குகிறது.

ஆழ்வாரின் பாட்டை ஒரு தாளில் எண்களாக மட்டும் எழுதிப் பார்த்தால் அதன் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும். முதல் வரிசை 1, 2, 1 என முடிகிறது. அடுத்தது 1, 2, 3, 2, 1. மூன்றாவது நான்கைத் தொட்டு இறங்க, நான்காவது ஐந்தையும் ஐந்தாவது ஆறையும் தொட்டு மீள்கின்றன. அதன் பிறகு ஏழு வரை ஏறி ஒன்று வரை இறங்கும் நெடிய வரிசை இரண்டு முறை வருகிறது. ஆக 7 வரிசைகள், 61 எண்ணிடங்கள். இவற்றை நடுவில் ஒழுங்குபடுத்தி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது, குறுகிய உச்சியிலிருந்து படிப்படியாக அகன்று, ஒரே அகலமுள்ள இரண்டு தட்டுகளில் ஊன்றி நிற்கும் தேரின் வடிவம் தாளில் எழுகிறது. பாட்டு அகவல் நடையில் தடையின்றி ஓடிக்கொண்டிருப்பதால், கேட்பவருடைய காது இந்தத் தேரை உடனே கண்டுகொள்வதில்லை. எழுதிப் பார்க்கும் கண்ணுக்கே அது புலப்படுகிறது.

எண்ணுப்பெயர்களை வரிசையாக வைப்பது மட்டுமே இதன் திறமையாக இருந்திருந்தால், அது ஒரு வாய்ப்பாட்டுக்கு மேல் உயர்ந்திருக்காது. ஆழ்வார் எண்ணைப் பல வழிகளில் சொல்லுக்குள் வைக்கிறார். முதல் வரிசையில் இரண்டு என்ற இடத்தை நிரப்பும் ‘இரு’ என்ற சொல், அங்கே ‘பெரிய’ என்ற பொருளில் பிரமன் தோன்றிய தாமரைக்கு அடைமொழியாகிறது. கருடனைப் பாடும் இடத்தில், அழகிய சிறகு என்ற பொருளில் வரும் ‘அஞ்சிறை’ தன் ஒலியால் ஐந்துக்குரிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது. யானைக்கு வழங்கும் ‘நால்வாய்’ என்ற பெயரில் உள்ள ‘நால்’ தொங்குதலைக் குறித்தாலும், அதுவே நான்காகவும் எண்ணப்படுகிறது. சிவபெருமானின் சடையில் அடங்கிய கங்கை, ஆறு என்ற பெயராலேயே ஆறாம் இடத்தை நிரப்புகிறது. எண்ணாக வர வேண்டிய இடத்தில் ஒரு பறவையும் ஒரு யானையும் ஒரு நதியும் வந்து நிற்கும்போது, கணக்கு பிழையாமல் செல்ல, காட்சி மட்டும் விரிந்துகொண்டே போகிறது.

இந்தப் பாட்டின் உச்சமான இடம் ஐந்தாம் வரிசையின் இறக்கம் என்று கருதலாம். அந்தணரின் ஆறு தொழில்களைச் சொல்லி முடித்த பாட்டு, அங்கிருந்து பிறவியை அறுக்க முயலும் யோகியரை நோக்கித் திரும்புகிறது. ஐந்து புலன்களை உள்ளே அடக்குவதும், அதன்பின் நான்கைக் கட்டுப்படுத்துவதும், மூன்று குணங்களில் இரண்டை விலக்குவதும், எஞ்சிய ஒன்றில் ஒன்றி நிற்பதும் எண்களின் இறங்குமுகத்தோடு சேர்ந்தே நடைபெறுகின்றன. மூன்றில் இரண்டு போனால் ஒன்று என்ற எளிய கழித்தல், இராசத தாமத குணங்கள் நீங்கிச் சத்துவம் எஞ்சும் ஆன்மிக நிகழ்வாக இங்கே மாறுகிறது. எண் குறைவதும் மனம் அடங்குவதும் ஒரே செயலாகிவிட்டதால், கட்டுப்பாடு எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட இயலாது. கடைசி வரிசையிலும் இத்தகைய நுட்பம் உண்டு: அறம் முதலிய நான்கு, மூர்த்திகள் மூன்று, பயன் இரண்டு என்று இறங்கி வந்த பாட்டு, ஒன்றை அடைந்ததும் சுருங்கி நின்றுவிடாமல், அந்த ஒன்றே அனைத்துமாய் விரிந்து நிற்பதாகக் கூறி முடிகிறது.

இந்த எண்வரிசைகளுக்குத் தமக்கே உரிய கணித அழகும் உண்டு. 1, 2, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 4. 1, 2, 3, 2, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 9. நான்கு வரை ஏறி இறங்கினால் 16. ஏழு வரை ஏறி இறங்கினால் 49. எந்த எண் வரை ஏறினாலும், ஏறி இறங்கிய கூட்டுத்தொகை அந்த எண்ணின் வர்க்கமாகவே, அதாவது அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிய தொகையாகவே அமையும். இதன் காரணத்தைக் கோலம் போடுபவர்கள் கண்ணாலேயே உணர்வார்கள். பக்கத்திற்கு ஏழு புள்ளிகளாகச் சதுரப் புள்ளிகள் வைத்து, அவற்றை மூலைவிட்ட வாக்கில் எண்ணிக்கொண்டு வந்தால், ஒரு மூலையில் ஒரு புள்ளி, அடுத்த சாய்கோட்டில் இரண்டு என வளர்ந்து, நடுவில் ஏழாகி, மறு மூலையில் மீண்டும் ஒன்றாகும். மொத்தம் 49 புள்ளிகள். இலக்கங்களை இடைவெளியின்றிச் சேர்த்தெழுதினாலும் வர்க்கமே கிடைக்கிறது: 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121; 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321; ஏழு ஒன்றுகளால் ஆன 1111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1234567654321. எழுகூற்றிருக்கையின் நெடிய வரிசை அப்படியே இந்தப் பெருக்கற்பலன்தான்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே நீளும் சாரங்கபாணி சன்னதித் தெருவில், ஓட்டுக்கூரையும் திண்ணையும் கொண்ட சிறிய வீடு ஒன்று நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனின் வீடு அது. கணித உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கும் அவருடைய குறிப்பேடுகளின் முதல் இயல் மாயச் சதுரங்களைப் பற்றியது. எந்த நிரையைக் கூட்டினாலும், எந்த நிரலைக் கூட்டினாலும் ஒரே தொகை வருமாறு எண்களைக் கட்டங்களில் நிரப்புவது மாயச் சதுரம். 1 முதல் 9 வரையிலான எண்களை மூன்றுக்கு மூன்று கட்டங்களில் அவ்வாறு நிரப்பினால் அந்தத் தொகை 15 ஆகும். எண்களால் ஆன தேரும் எண்களால் ஆன சதுரமும் ஒரே தெருவின் இரு முனைகளில் இருப்பதைக் கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கதை கட்டுவது இரண்டுக்குமே நியாயம் செய்யாது. ஆயினும் சில நிமிட நடையில் இரண்டையும் காண வாய்க்கும் தெரு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கோயிலுக்கு வரும் பலர் இந்த வீட்டைக் காணாமல் திரும்பிவிடுவது வருந்தத்தக்கது.

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபமும் சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேராகவே அமைந்துள்ளது. சுவாமிமலைக்குச் சென்றால், 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்களைத் தாங்கிய 60 படிகள் முருகன் சன்னதிக்கு ஏறுகின்றன. ஆண்டுகளை ஒவ்வொன்றாக மிதித்து ஏறும் இந்தத் தலத்திற்கும் அருணகிரிநாதர் ஒரு திருவெழுகூற்றிருக்கை பாடியுள்ளார். திருமாலுக்கு ஆழ்வாரும் முருகனுக்கு அருணகிரியாரும் பாடியதுபோல், சிவனுக்குத் திருஞானசம்பந்தர் பாடியது சீர்காழியில் என்பதால் பயணம் இனிக் கிழக்கே தொடர்கிறது.

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வழியாகச் சீர்காழி செல்லும் ரயில் பாதையின் பெரும்பகுதி வயல்களுக்கு நடுவே செல்கிறது. வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கும் அந்த நிலத்தைப் பார்த்துச் செல்லும்போது, கட்டங்களில் எழுதப்படும் பிற சித்திரகவிகளைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் தண்டியலங்காரம் இவற்றைச் சொல்லணிகளின் வரிசையில் வைத்து இலக்கணம் கூறுகிறது. அவற்றுள் சுழிகுளம் தனியே எடுத்துப் பார்க்கத்தக்கது. குளத்து நீர் சுழித்து உள்ளே செல்வதைப் போலப் படிக்கப்படுவதால் இப்பெயர் பெற்றது. அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 32 கட்டங்கள் கிடைக்கும். அதை வழக்கம்போல் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இடக்கோடியில் மேலிருந்து கீழிறங்கி, வலக்கோடியில் கீழிருந்து மேலேறினாலும் அதே முதலடி வர வேண்டும். அடுத்த உள்வரிசைகளில் இறங்கி ஏறினால் இரண்டாமடி வர வேண்டும். இவ்வாறே உள்நோக்கிச் சென்று நடுவில் நான்காமடியோடு முடிய வேண்டும்.

இந்த நிபந்தனையைச் சற்று ஆராய்ந்தால் புலவருக்கு எஞ்சும் உரிமை எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். இடப்புறத்து 16 கட்டங்களில், முதல் நிரையின் இரண்டாம் எழுத்தும் இரண்டாம் நிரையின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நான்காம் எழுத்துகளும் அவ்வாறே. மூலைவிட்டத்தை அச்சாகக் கொண்டு மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இந்த அமைப்பில், மூலைவிட்டத்தில் நான்கும் அதன் ஒரு பக்கத்தில் ஆறுமாகப் பத்து எழுத்துகளை மட்டுமே புலவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியும். வலப்புறமும் எதிர்த்திசை மூலைவிட்டத்தில் அப்படியே மடிவதால் அங்கும் பத்து. ஆக 32-இல் 20 எழுத்துகளே அவர் கையில் உள்ளன. எஞ்சிய 12-ஐச் சமச்சீர்மை தானே எழுதிவிடுகிறது. நான்கு திசைகளிலிருந்தும் படிக்க வேண்டிய சருப்பதோபத்திரத்தில், ஒவ்வோர் அடியும் முன்பின்னாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்வதால், 32-க்குப் பத்தே எழுத்துகள்தாம் சொந்தமானவை. அந்தப் பத்தைக் கொண்டு எதுகை மோனை கெடாமல், தளை பிறழாமல், பொருளும் விளங்கும்படி பாடுவது எத்தகைய உழைப்பு என்பதை எவரும் உணரலாம்.

சித்திரகவியை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கும் கருத்து தமிழில் வலுவாக உண்டு, அதில் உண்மையும் உண்டு. கட்டத்தை நிரப்புவதற்காகவே அருஞ்சொற்களைத் தேடிப் பிடித்து, உரையின்றி ஓரடியும் விளங்காதபடி கட்டப்பட்ட பந்தங்கள் பிற்காலத்தில் மிகப் பல. அவற்றில் உருவம் வென்று பொருள் தோற்றுவிடுகிறது. எனினும் அந்தக் குறையை இக்கலை முழுவதற்கும் ஏற்றுவது பெரும் இழப்பு. வெண்பாவே ஒரு கடுமையான கணக்குதான். அதன் தளைக்கட்டு வள்ளுவருக்குத் தடையாக இருந்ததில்லை. ஒரு நிபந்தனை கவிதையைக் கெடுக்கிறதா வளர்க்கிறதா என்பது, அந்த நிபந்தனை சொல்லவந்த பொருளுக்கு உறவானதா என்பதைப் பொறுத்தது. எல்லாமாய் விரிந்து ஒன்றாய் ஒடுங்கும் இறைவனைப் பாட, ஒன்றிலிருந்து விரிந்து ஒன்றில் ஒடுங்கும் எண்வரிசையைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. எழுகூற்றிருக்கை நூற்றாண்டுகளைத் தாண்டி ஓதப்படுவதற்கும், பல பந்தங்கள் ஏடுகளிலேயே உறங்குவதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

சீர்காழிக் கோயில் மூன்று அடுக்குகளைக் கொண்டது. கீழே இலிங்க வடிவில் பிரமபுரீசுவரர், இடையடுக்கில் பெரியநாயகியோடு தோணியப்பர், மேலே சட்டைநாதர் என இறைவன் மூன்று நிலைகளில் வீற்றிருக்க, படியேறிச் செல்லும் வழியில் திருக்குளமும் கோபுரங்களும் கண்ணுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன. குழந்தைச் சம்பந்தர் ஞானப்பால் உண்டதாகச் சொல்லப்படும் கரை அந்தக் குளத்தினுடையது. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், பக்திப் பாடலுக்குள் இத்தனை வகையான வடிவச் சோதனைகளைக் கொண்டுவந்தவர் என்பது அவருடைய இசைப்புகழுக்குப் பின்னே மறைந்துவிட்ட செய்தி. தேவாரத்தில் அவர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகத்தில், ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து படித்தாலும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தாலும் அதே பாட்டே வரும். விகடகவி என்ற சொல்லில் சிறுவர்கள் கண்டு மகிழும் அதே அமைப்பு, 11 பாடல்களுக்கு நீண்டிருக்கிறது. தமிழில் மெய்யும் உயிரும் சேர்ந்த உயிர்மெய் ஒரே எழுத்தாக எண்ணப்படுவதால், இங்கே திரும்பி வருவது ஒலி அன்று, எழுத்தே. ஆகவே மாலைமாற்றும் செவியைவிடக் கண்ணையே நம்பியிருக்கிறது.

இந்த ஊருக்கு 12 பெயர்கள் உண்டு: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, சீகாழி, கொச்சைவயம், கழுமலம். சம்பந்தரின் எழுகூற்றிருக்கையில் இறைவனின் பெருமைகள் எண்களின் மீது ஏறி இறங்க, அவற்றின் ஊடே இந்தப் பெயர்களும் இடம்பெறுகின்றன. ஊர்ப்பெயர்களே தேரில் ஏறி அமர்ந்ததுபோல் உள்ளது. சக்கரமாற்று என்ற மற்றொரு பதிகத்தில் அவர் பன்னிரு பெயர்களையும் ஒவ்வொரு பாட்டிலும் வைத்து, பாட்டுக்குப் பாட்டு அவற்றின் வரிசையை மாற்றிச் செல்கிறார். பன்னிரண்டு பெயர்களை மொத்தம் 47,90,01,600 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பது கணக்கு. அந்தப் பெருங்கடலிலிருந்து சந்தத்திற்கும் எதுகைக்கும் இசைந்த சில வரிசைகளைத் தேர்ந்து, பெயர்ப்பட்டியல் என்ற உணர்வே எழாதபடி அவற்றை இசையாக்கியிருப்பது, எண்ணும் காதும் ஒரே மனத்தில் விழித்திருந்ததற்குச் சான்று.

கும்பகோணத்தில் தேர் செய்த திருமங்கையாழ்வாரும் சீர்காழிப் பகுதியைச் சேர்ந்தவரே. அவருடைய திருவாலி–திருநகரி இங்கிருந்து தொலைவில் இல்லை. சம்பந்தரும் ஆழ்வாரும் சீர்காழியில் சந்தித்ததாகவும், ஆழ்வாரின் கவித்திறனை வியந்து சம்பந்தர் தம் வேலாயுதத்தை அவருக்கு அளித்ததாகவும் வைணவ மரபு சொல்லும். இருவர் காலமும் ஒன்றன்று என வரலாற்று அறிஞர் கொள்வதால் அதைக் கதையாகவே ஏற்க வேண்டும்; ஆயினும் ஒரே வடிவத்தில் இரு சமயங்களுக்கும் தேர் செய்த இருவரைச் சேர்த்து வைத்துப் பார்க்க மக்கள் மனம் விரும்பியிருக்கிறது.

இப்பாட்டுகளைப் படிக்க விரும்புவோருக்கு இன்றுள்ள இடையூறு அச்சில்தான் இருக்கிறது. இரதபந்தப் படத்தோடு வெளிவந்த பதிப்புகள் உண்டு. ஆனால் கைக்கு எளிதில் கிடைக்கும் பல பதிப்புகள் எழுகூற்றிருக்கையை மற்ற அகவற்பாக்களைப் போலவே அடியடியாக அச்சிட்டுவிடுவதால், எண்ணுப்பெயர்கள் சொற்களுக்குள் கரைந்து தேர் காணாமற்போகிறது. கும்பகோணத்திற்கோ சீர்காழிக்கோ புறப்படுபவர்கள் பாட்டின் பிரதி ஒன்றையும் பென்சில் ஒன்றையும் எடுத்துச் செல்வது நல்லது. எண் வரும் சொல்லையெல்லாம் வட்டமிட்டு, வரிசை ஒவ்வொன்றும் ஒன்றில் தொடங்கி ஒன்றில் முடியுமாறு நடுவில் ஒழுங்குபடுத்திக் கட்டங்களில் எழுதினால், அரைமணி நேரத்திற்குள் ஏழு வரிசைகளும் தாளில் நின்றுவிடும். ‘அறுபதம்’ என்ற ஆறுகால் வண்டும், ‘முந்நீர்’ என்ற கடலும் எந்தெந்தக் கட்டத்தில் சென்று அமர்கின்றன என்பதை அவரவரே கண்டுகொள்ளலாம்.